கல்யாணி திருப்பிக் கொடுத்த நீல அட்டை

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகிற சாலையில், கடலுக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போதே ஒரு நாஸ்தா கடை வரும். பெயர்ப் பலகை கிடையாது. லாரி ஓட்டுகிறவர்கள், கம்பெனி வேன்காரர்கள், விடியலில் மீன் எடுக்கக் கடற்கரைக்குப் போகிற பெண்கள் எல்லோருக்கும் அது மலேசியாக்கா கடை. இடியாப்பத்துக்குத் தேங்காய்ப்பாலோடு ஒரு காரச் சம்பலும் அங்கே கிடைக்கும். வருகிறவர்களை "பசியாறியாச்சா?" என்று கேட்பாள் கல்யாணி. அவள் பிறந்த ஊரில் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் சொல்வார்கள். முதலில் சிரித்தவர்கள் பிறகு தாங்களே அப்படிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அவள் வெளிநாட்டுக்காரி என்று சொன்னால் புதிதாக வருகிறவர் யாரும் நம்பமாட்டார். நிறமும் முகமும் பேச்சும் இந்தப் பக்கத்துப் பெண்ணுடையதாகவே இருந்தன. ஆனால் பல வருடங்கள் அவள் இந்த நாட்டுக்குச் சொந்தமானவள் இல்லை. பிறகு கொஞ்ச காலம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் இருந்தாள்.

கல்யாணி பிறந்தது மலேசியாவில், பேராக் மாநிலத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்தில், கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து வீட்டில். அப்பா வரதனும் அதே தோட்டத்தில் பிறந்தவர்தான். அந்த நாடு சுதந்திரம் அடைவதற்கு முன்பே பிறந்தவர். ஆனால் அவர் பிறந்ததை யாரும் பதியவில்லை. பதியாததால் அவருக்குக் கிடைத்தது சிவப்பு அடையாள அட்டை. தங்கலாம், உழைக்கலாம் என்பதற்கு அது. நீ இந்த நாட்டவன் என்பதற்கு நீல அட்டை வேண்டும். ரப்பர்ப் பால் வெட்டினார், லாரி ஓட்டினார், இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தார். பிள்ளைகள் பிறந்தபோதே நீல அட்டைக்கு உரியவர்கள் ஆகிவிட்டார்கள். அப்பாவுக்கு மட்டும் சிவப்பு. ஒவ்வொரு முறை மனுப் போடும்போதும் பிறப்புக்குச் சாட்சி கேட்டார்கள். பிரசவம் பார்த்த மருத்துவச்சி செத்து எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

தலை முழுக்க நரைத்த பிறகுதான் அவருக்கு நீல அட்டை வந்தது. அப்போது கல்யாணி இங்கே கைக்குழந்தையோடு இருந்தாள். அடுத்து வந்த தேர்தலில் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, வாக்குச்சாவடிக் கதவு திறப்பதற்கு முன்பே அவர் போய் நின்றதை, தம்பி ஹரிஹரன் தொலைபேசியில் சொல்லச் சொல்ல அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

அவளை இங்கே கொண்டுவந்தவன் ஜெகதீசன். மலேசியாவில் ஈப்போ பக்கம் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்குப் போனவன். அதே தெருவில் துணிக்கடையில் இருந்தாள் கல்யாணி. பொண்ணு கேட்டுப் போனபோது, மாப்பிள்ளை செங்கல்பட்டுப் பக்கம் என்றதும் வரதன் வேறெதுவும் விசாரிக்கவில்லை. அவருடைய அப்பாவும் அந்தப் பக்கத்திலிருந்துதான் கப்பலேறியவராம். எந்த ஊர் என்பது மட்டும் தெரியாது.

கல்யாணம் முடிந்து வந்த புதிதில் அவள் ஒவ்வொரு வருடமும் விசாவை நீட்டிக்க அலைந்தாள். பிறகு இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கும் இந்தியரை மணந்தவர்களுக்கும் தருகிற ஓசிஐ அட்டையை வாங்கிக்கொண்டாள். அது இருந்தால் ஆயுள் முழுக்க விசா வேண்டாம், வரலாம், போகலாம் என்றார்கள். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அவளுக்கு அப்போது இரண்டும் பெரிதாகத் தெரியவில்லை. மகள் திவ்யா வளர்ந்துகொண்டிருந்தாள். ஜெகதீசன் சொந்தமாக ஒரு வேன் வாங்கி, நாவலூரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தான். புருஷனை இழந்த அவன் அக்கா வேண்டா கடையில் மாவு பிசைய உதவினாள். இனிமேல் பெண் பிள்ளை வேண்டாம் என்று வைத்த பெயர் அது. ஆனால் அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் வேண்டியிருந்தாள்.

இரண்டாயிரத்து இருபது மார்ச்சில் ஹரிஹரனுக்குக் கல்யாணம். திவ்யாவுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடம் இருந்தது. ஒரு வாரத்தில் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு கல்யாணி தனியாகப் போனாள். தாலி கட்டி முடிவதற்குள் கொரோனாவுக்காக நாடுகள் கதவடைக்க ஆரம்பித்துவிட்டன. இந்தியா வெளிநாட்டவரின் விசாக்களை நிறுத்தியது. ஆயுள் முழுக்கச் செல்லும் என்று கொடுத்த அட்டையும் அத்தோடு நின்றது. பிறகு சிறப்பு விமானங்கள் விட்டார்கள். முதலில் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும். அவளோடு அதே கல்யாணத்துக்கு வந்திருந்த உறவுக்காரர்கள், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள், பேர் கொடுத்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவள் தம்பி வீட்டு அறையில் உட்கார்ந்து அலைபேசியில் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திவ்யாவுக்கு வேண்டா அத்தை தலை பின்னிவிட்டிருந்தாள். வகிடு கோணலாக இருந்தது.

"அவுங்க எல்லாம் வந்துட்டாங்கோ. உன்ன மட்டும் ஏம்மா வுட மாட்றாங்கோ?" என்று கேட்டாள் குழந்தை. உடனே அடுத்ததையும் கேட்டாள். "நீ நம்ம ஊரு இல்லியாம்மா?"

இந்தியரைத் திருமணம் செய்துகொண்டவர்கள் வரலாம் என்று பின்னால் விதி தளர்ந்தது. ஆனால் விமானத்தில் இடம் கிடைத்து, தனிமையில் இருந்து, அவள் வீடு வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. திவ்யா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. கதவுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். அன்று கல்யாணி ஒரு முடிவு எடுத்தாள். தன் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு வெளியே இனி ஒருபோதும் அனுமதி கேட்டு நிற்கப்போவதில்லை.

செங்கல்பட்டு நீதிமன்றத்துக்கு எதிரே ஜெனிஃபர் என்று ஒரு வக்கீல் இருந்தார். கல்யாணிக்கு விதிகளைப் புரியும்படி சொன்னவர் அவர்தான். இந்தியரை மணந்தவர் ஏழு வருடம் இங்கே வாழ்ந்திருந்தால் குடியுரிமைக்குப் பதிவு செய்யக் கேட்கலாம். விண்ணப்பிக்கும் முன் கடைசி ஒரு வருடம் இங்கேயே இருக்க வேண்டும், வெளிநாடு போகக் கூடாது. ஒரே நேரத்தில் இரண்டு நாட்டுக் குடிமகளாக இருக்க இந்தியாவும் விடாது, மலேசியாவும் விடாது. இங்கே இருக்கிற ஒருவர் தானாக விரும்பி வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கினால் அந்தக் கணமே இந்தியக் குடியுரிமை போய்விடும். யாரும் பிடுங்க வேண்டியதில்லை. இங்கே வருகிறவரோ அந்த நாட்டை முறைப்படி விட்டுவிட்டு, விட்டதற்குச் சான்று கொடுத்தால்தான் இந்த நாடு கிடைக்கும்.

கடைசியாக ஒன்று சொன்னார் ஜெனிஃபர். "அத விட்டதுக்கும் இது கைக்கு வர்றதுக்கும் நடுவுல கொஞ்ச காலம் இருக்கும்மா. அப்ப உங்ககிட்ட ரெண்டுமே இருக்காது. வீட்ல கேட்டுட்டு முடிவு பண்ணுங்க."

ஜெகதீசன் தடுக்கவில்லை. வேண்டா ஒரே வார்த்தையில் போடச் சொன்னாள். கேட்க வேண்டியிருந்தது ஒருவரை மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னாள். அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்.

"நீல ஐசியத் திருப்பிக் குடுத்துடுவியா மா?" என்றார் வரதன். அடையாள அட்டைக்கு அங்கே ஐசி என்று பேர்.

கொடுக்கத்தான் வேண்டும் என்றாள்.

"சரி லா. ஒன் பிள்ள அங்கதான இருக்கா" என்று சொல்லிவிட்டு, கோழிக்குத் தீனி போட வேண்டும் என்று எழுந்துபோய்விட்டார். அதற்குப் பிறகு பேசும்போதெல்லாம் அந்தப் பேச்சை மட்டும் இருவரும் தொடவில்லை. அதற்காக அவர் அவளை அழைப்பதை நிறுத்தவும் இல்லை. ஆனால் அந்தச் "சரி" அவள் நெஞ்சில் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அவர் அரை ஆயுள் காத்திருந்து வாங்கியது. அவளுக்கோ பிறந்தபோதே மடியில் வந்து விழுந்தது.

விண்ணப்பம் போட்டாள். விசாரணைக்கு ஒரு காவலர் மஃப்டியில் வந்தார். காலை நேரம், கடையில் கூட்டம். பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு செட் இடியாப்பம் சாப்பிட்டார். பிறகு பரிமாறிய கல்யாணியிடமே, இங்கே ஒரு மலேசியா அம்மா இருக்கிறாராமே, எப்படிப்பட்டவர் என்று கேட்டார். வேண்டா மாவுக் கையோடு வெளியே வந்தாள்.

"நீ துன்னுகினு கீறது அதும் கையாலதான் சார். எப்டி கீதுன்னு நீயே சொல்லு."

காவலர் நிமிர்ந்து கல்யாணியைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் சம்பல் கேட்டார். அவர் என்ன எழுதிக்கொண்டு போனார் என்று தெரியாது. ஆனால் அதன் பிறகும் அந்த வழியே போகும்போது கடையில் நின்று போவார்.

ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து டெல்லியிலிருந்து பதில் வந்தது. அவளைக் குடிமகளாக ஏற்கச் சம்மதம். பழைய குடியுரிமையைத் துறந்த சான்றைக் கொடுக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில், அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பேன் என்ற உறுதிமொழியை நின்றபடி வாசித்தாள். தடுமாறாமல் வாசித்தாள். தடுமாறியது சென்னையில், மலேசியத் தூதரக அலுவலகத்தில்தான். அங்கிருந்த அதிகாரி மலாய்க்காரப் பெண். பாஸ்போர்ட்டையும் நீல அட்டையையும் வாங்கிக்கொள்ளும் முன், நன்றாக யோசித்துவிட்டீர்களா, பிறகு திரும்பக் கேட்டால் எளிதில் கிடைக்காது என்று மலாயில் மெதுவாகக் கேட்டார். கல்யாணியும் மலாயிலேயே பதில் சொன்னாள். எனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்றாள். அந்தப் பெண் தலையசைத்தார். அட்டையை நீட்டும்போது கல்யாணியின் விரல்கள் உடனே விடவில்லை. அதிகாரியும் இழுக்கவில்லை. அவளாக விடும்வரை பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

வீட்டுக்கு வருகிற வழியில் கோவளம் தாண்டியதும் ஜெகதீசன் வேனை ஓரமாக நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தான். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துறந்ததற்கான சான்று வந்து, அதை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுத்து, கோப்பு டெல்லிக்குப் போயிருந்த நேரம். ஒருநாள் காலை கடையில் கூட்டமாக இருந்தபோது ஹரிஹரன் அழைத்தான். அப்பா கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டார். வலது பக்கம் அசையவில்லை, வாய் கோணிவிட்டது. ஈப்போ மருத்துவமனையில் சேர்த்திருக்கிறது.

கல்யாணி அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய்ப் பெட்டியில் துணி எடுத்து வைக்க ஆரம்பித்தாள். நான்கு புடவை மடித்து வைத்த பிறகுதான் நினைவு வந்தது. பெட்டிக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேண்டா ஓடிவந்து என்ன என்று கேட்டபோது, "எங்கிட்ட போறதுக்கு ஒண்ணுமே இல்ல அண்ணி" என்றாள்.

அன்றே சென்னைக்குப் போனார்கள். தூதரக அலுவலகத்தில் அதே அதிகாரி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீர் கொடுத்து, நீங்கள் இப்போது எங்கள் குடிமகள் இல்லை, எங்களால் பயணப் பத்திரம் தர இயலாது என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கியிருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகத்தில், குடியுரிமைச் சான்றிதழ் டெல்லியிலிருந்து வந்த பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கே மனுப் போட முடியும் என்றார்கள். நிலைமையை விளக்கி டெல்லிக்கு எழுதுவதாகவும் சொன்னார்கள். ஜெனிஃபர் தெரிந்த இடத்திலெல்லாம் பேசிப் பார்த்தார். யாரும் கடுமையாக நடந்துகொள்ளவில்லை. யாரோடும் கோபித்துக்கொள்ளக்கூட வழியில்லாமல் அவள் திரும்பி வந்தாள்.

அன்று மாலை ஜெகதீசன் அலமாரியிலிருந்து தன் பாஸ்போர்ட்டை எடுத்தான். அப்போது இந்தியர்கள் முப்பது நாள்வரை விசா இல்லாமலே மலேசியா போகலாம். அங்கே பிறந்தவள் போக முடியாது, இந்தச் சாலையோரத்தில் பிறந்தவன் போகலாம்.

"நான் போறேன். மாமா பக்கத்துல நான் கீறேன். நீ ஃபோன்லயே இரு" என்றான்.

வேனை சிநேகிதன் கலையரசனிடம் ஒப்படைத்துவிட்டு மறுநாளே கிளம்பினான். ஒரு டப்பாவில் சம்பல் கட்டிக் கொடுத்தாள் கல்யாணி. நோயாளி அதைச் சாப்பிட முடியாது என்று அவளுக்கும் தெரியும். அவனும் சொல்லாமல் வாங்கிக்கொண்டான்.

ஜெகதீசன் முரட்டு ஆள். சொந்த அப்பா படுத்தபோதுகூட எட்ட நின்று பார்த்தவன். அங்கே மாமனாருக்குக் கஞ்சி ஊட்டினான், முகம் மழித்துவிட்டான், படுக்கையில் புரட்டி முதுகுக்குப் பவுடர் போட்டான். ஹரிஹரனுக்கு ஆலையில் வேலை. மாலையில்தான் வர முடிந்தது. பகலெல்லாம் மருமகன்தான். பக்கத்துக் கட்டில்காரர்கள் அவனை மகன் என்றே நினைத்தார்கள்.

தினமும் காலை, கடைக் கூட்டம் குறைந்ததும் கல்யாணி அழைப்பாள். அவன் அலைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேரே பிடிப்பான். "பசியாறிட்டீங்களா பா?" என்பாள். முதலில் வெறும் கண்ணசைவுதான் பதில். கோணிய வாயிலிருந்து நீர் வழிந்தால், படத்தின் ஓரத்திலிருந்து ஜெகதீசனின் கை வந்து துடைக்கும். அந்தக் கையைப் பார்த்துத்தான் அவள் அழுவாள். இத்தனை வருடம் அவனோடு வாழ்ந்தும் அவன் கை அப்படித் துடைக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

ஒருநாள் வரதன் எதையோ சொல்ல முயன்றார். சொற்கள் குழறின. ஜெகதீசன் காதை அவர் வாயருகே வைத்துக் கேட்டுச் சொன்னான். "நீ எப்போ வர்றேன்னு கேக்குறாரு."

"சீக்கிரம் வர்றேம்பா" என்று மட்டும் சொன்னாள். ஏன் வர முடியவில்லை என்பதை யாரும் அவரிடம் விளக்கியிருக்கவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. சாட்சி இல்லாமல், அட்டை இல்லாமல் காத்திருப்பது அவர் வாழ்ந்து பார்த்த விஷயம். பதில் கிடைத்ததும், இடது கையைக் கொஞ்சம் தூக்கி, அவசரப்படாதே என்பதுபோல மெல்ல அசைத்தார்.

ஜெகதீசன் திரும்ப வேண்டிய கெடு வந்தபோது வரதன் பேசத் தொடங்கியிருந்தார், சுவரைப் பிடித்து நிற்கவும் முயன்றார். இவன் இளைத்து, தாடியோடு வீடு வந்து சேர்ந்தான். சான்றிதழ் இன்னும் வரவில்லை.

அது கார்த்திகை மழையில் வந்தது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்ததும், வேண்டா கடையை மூடிவிட்டுப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திவ்யா பள்ளிக்கூடத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டாள். அப்போது அவளுக்குப் பதினான்காவது வயது நடந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கியதும், கல்யாணி அந்தத் தாளில் தன் பெயரைப் படித்தாள். மகிழ்ச்சி வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது களைப்பு. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து மகள் தோளில் தலை சாய்த்துக்கொண்டாள். திவ்யா அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

பாஸ்போர்ட் கைக்கு வந்த வாரமே பறந்தாள். கோலாலம்பூரில் குடிமக்கள் தனி வாசலில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவள் மற்றவர்களின் வரிசையில் நின்றாள். அதிகாரி இந்தியப் பாஸ்போர்ட்டைப் பார்த்து ஆங்கிலத்தில், எதற்காக வந்தீர்கள் என்றார். அப்பாவைப் பார்க்க என்றாள், தன்னையறியாமல் மலாயில். அவர் மறுபடி பாஸ்போர்ட்டைப் பார்த்தார். பிறந்த இடம் பேராக் என்றிருந்தது. முத்திரை குத்தி, முப்பது நாள் என்று சொல்லிவிட்டு, அப்பாவிடம் என் வணக்கத்தையும் சொல்லுங்கள் என்றார் மலாயில்.

வரதன் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார். மகளைக் கண்டதும் எழுந்து நிற்க முயன்றார். அவள் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டாள். ஹரிஹரனின் மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்தாள். அது ஆறும்வரை அப்படியே இருந்தார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் இடது கையை நீட்டினார். எதைக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கைப்பையிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுக்கும்போது குற்றவாளியைப் போல இருந்தது. அவர் அதைத் தொடைமேல் வைத்து, ஒற்றைக் கையால் புரட்டி, அவள் படம் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"எனக்கு ஒண்ணு கெடைக்கவே தல நரச்சுப் போச்சு" என்றார் குழறலாக. "நீ ரெண்டு பாத்துட்ட."

"கோவமா பா?"

"அன்னிக்கு இருந்துச்சு. ஒம் புருசன் வந்து எம் மூஞ்சியத் தொடச்சாரு பாரு, அப்பப் போயிருச்சு." மூச்சு வாங்கிக்கொண்டார். "பத்தரமா வச்சுக்க மா. மழையில நனச்சுறாத."

அந்த முப்பது நாளில் அவள் அவருக்குச் சமைத்துப் போட்டாள், நடக்கப் பழக்கினாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளை இந்தியாக்காரி வந்துட்டா என்று கேலி செய்தார்கள். இங்கே மலேசியாக்கா, அங்கே இந்தியாக்காரி என்று அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த கோடை விடுமுறைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். கைக்குழந்தையாகப் பார்த்த பேத்தியை வரதன் அதன் பிறகு நேரில் பார்க்கவில்லை. ஊன்றுகோலை வீட்டிலேயே வைத்துவிட்டு, திவ்யாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தெருவில் இறங்கினார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். கல்யாணியின் மகள், இந்தியாவிலிருந்து வந்திருக்கிறாள் என்று சொன்னார். உள்ளே வரச் சொன்ன வீட்டிலெல்லாம் திவ்யாவுக்கு ஏதாவது தின்னக் கொடுத்தார்கள். கல்யாணியும் ஜெகதீசனும் நாலு எட்டு பின்னால் நடந்து போனார்கள். தாத்தா பேசுவது திவ்யாவுக்குப் பாதிதான் புரிந்தது. புரியாததை அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவரும் சலிக்காமல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே நடந்தார்.